பதினாறு வருஷம் மாத்திரை, ஆறு வாரம் பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் மலச்சிக்கல் பற்றி எது வந்தாலும் படித்துவிடுவேன். தண்ணீர், கீரை, நடைப்பயிற்சி என்று முடிந்துவிடுகிறது. 16 வருஷம் அத்தனையும் செய்தவள் நான். ராத்திரி இசப்கோல், கடுக்காய்ப் பொடி, அதற்கும் மசியாவிட்டால் விளக்கெண்ணெய். காலையில் முக்கால் மணி நேரம் முக்கிவிட்டு வெளியே வந்தால் ரவிக்கை நனைந்திருக்கும். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய் ஒரு ராத்திரி தங்கியதில்லை.

போன வருஷம் மதுரையில் ஒரு மருத்துவர்தான் மேனோமெட்ரி பரிசோதனைக்கு அனுப்பினார். ஆசனவாயில் மெல்லிய குழாயை வைத்து அழுத்தத்தை அளக்கிறார்கள். வலியில்லை, கூச்சம்தான். பிறகு 50 மில்லி தண்ணீர் நிரப்பிய சின்ன பலூனை உள்ளே வைத்து வெளியேற்றச் சொன்னார்கள். ஒரு நிமிடத்தில் வர வேண்டியது எனக்கு வரவே இல்லை. முக்கும்போது தளர வேண்டிய தசை எனக்கு இறுகிக்கொள்கிறதாம். எந்த மாத்திரை அதைத் தளர்த்தும்?

அதற்குக் கொடுத்தது பயோஃபீட்பேக், அதாவது தசை இறுகுவதையும் தளர்வதையும் திரையில் பார்த்தே பழகும் பயிற்சி. வாரம் ஒரு நாள், மொத்தம் ஆறு முறை. எதிரே திரையில் ஒரு கோடு. தசை தளர்ந்தால் இறங்கும். என் கோடு ஏறிக்கொண்டே போனது. "மூச்சைப் பிடிக்காதீங்கம்மா, வயித்தை முன்னால விடுங்க, கீழே லேசா விடுங்க" என்று பயிற்சி கொடுத்த பெண் அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது வாரம் கோடு இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது முக்காலியில் கால் வைத்து உட்கார்ந்தால் பத்து நிமிடம்தான்.

குடலே மெதுவாக நகர்வதால் வரும் சிக்கலுக்கு இது உதவாதாம். அதனால்தான் முதலில் பரிசோதனை. என்னைப் போன்ற கோளாறு உள்ள 109 பேரை வைத்து இத்தாலியில் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. ஆறு மாதத்தில் பயிற்சி பெற்றவர்களில் 80 சதவீதம் பேருக்கும், மலமிளக்கி மட்டும் எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்கும் நல்ல குணம் தெரிந்திருக்கிறது.

காரைக்குடியிலிருந்து ஆறு வாரம் பஸ் ஏற எனக்கு ஓய்வூதியம் இருந்தது. கூலி வேலைக்குப் போகிற பெண் என்ன செய்வாள்? மாவட்ட அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவிலேயே இதைக் கொடுக்க வேண்டும். நீங்களும் எழுதுங்கள்.

என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் இன்னும் தினமும் மாத்திரை போடுகிறார். "இதைப் போய் யாரிடம் காட்டுறது?" என்கிறார். அடுத்த மாதம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி