உப்பள நாவலும் 280 எழுத்தும்

அன்புள்ள மாப்ள,

கடிதம் வந்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததில் சந்தோஷம். மாடிப்படி மட்டும் ஏற விடாதே.

உன் ஆங்கில நாவல் முடியப் போகிறது, எழுத்தாளர் சார்பில் பிரதியைப் பதிப்பகங்களுக்கு விற்றுத்தரும் அமெரிக்க ஏஜென்ட்கள் பார்க்கும் பிட்ச் போட்டியில், அதாவது கதையைச் சில வரியில் இணையத்தில் சொல்லி அவர்களை ஈர்க்கும் போட்டியில், இறங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அந்த 'முடியப் போகிறது'தான் உறுத்துகிறது. முடித்துவிட்டு இறங்கு. கட்டுரை நூல் என்றால் அங்கே திட்டவரைவைக் காட்டியே விற்கலாம். புது ஆளின் நாவலுக்கு முழுப் பிரதி கையில் இருக்க வேண்டும். ஏஜென்ட் பிரதியைக் கேட்கும்போது இன்னும் எட்டு அத்தியாயம் பாக்கி என்றால் கதை அங்கேயே முடிந்தது. அப்புறம், 1,28,000 சொல் அதிகம். பெரியவர்களுக்கான முதல் நாவல் என்றால் 80,000 முதல் 1,00,000 வரைதான் எதிர்பார்ப்பார்கள். பக்கம் கூடினால் அச்சுச் செலவும் கூடும், புது எழுத்தாளரை வைத்து அந்த ஆபத்தை எடுக்கத் தயங்குவார்கள். வெட்டு.

நீ கேட்ட பிட்மேட் என்ற ட்விட்டர் பிட்ச் போட்டி இப்போது இல்லை. 2012இல் பிரெண்டா டிரேக் தொடங்கிய பிட்ச்வார்ஸ் குழு நடத்தியது அது. 2022 தொடக்கத்தில் இரண்டையுமே நிறுத்திவிட்டார்கள். பிட்ச்வார்ஸில், அனுபவமுள்ள எழுத்தாளர் ஒருவர் உன் பிரதியைத் தேர்ந்தெடுத்து, சில மாதம் உன்னோடு திருத்தி, பிறகு ஏஜென்ட்கள் முன் வைப்பது வழக்கமாக இருந்தது. பிட்மேட் ஒரு நாள் சந்தையாக இருந்தது: ஆண்டுக்கு நாலு முறை, அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் காலை 8 முதல் இரவு 8 வரை, ஒரு பிரதிக்கு மூன்று ட்வீட். இதன் பிறகு வந்த போட்டிகளும் ஏறக்குறைய இந்த அச்சில்தான் வார்க்கப்பட்டவை. ஆனாலும் ஒவ்வொன்றின் விதியையும் தனியாகப் படி. சிலவற்றில் குறிப்பிட்ட வகை நாவலுக்கோ, குறிப்பிட்ட பின்னணி கொண்டவர்களுக்கோ மட்டும்தான் இடம்.

நேரக்கணக்கைப் பார். அவர்களின் காலை 8 நமக்குக் கோடையில் மாலை 5:30, குளிர்காலத்தில் 6:30. அவர்கள் மதியச் சாப்பாட்டில் ஃபோனைப் பார்க்கும் நேரம் நமக்கு ராத்திரி பத்து, பதினொன்று. மூன்றாவது பிட்ச் நடுச்சாமத்துக்குப் பிறகு போக வேண்டும். நேரம் குறித்துப் போட்டுவிட்டுத் தூங்கு.

இனி பிட்ச். (இரண்டாம் வேற்றுமை சேர்த்தால் 'பிட்சை' ஆகிவிடுகிறது, கவனித்தாயா?) எக்ஸில் 280 எழுத்து, ப்ளூஸ்கையில் 300. போட்டியின் ஹேஷ்டேக், வயதுப்பிரிவு, கதைவகை மூன்றும் அதிலேயே 15, 20 எழுத்தைத் தின்றுவிடும். பெரியவர்களுக்கு ஏ, பதின்பருவத்தினருக்கு ஒய்ஏ என்று குறிகள் உண்டு. அவற்றை விட்டால் வடிகட்டித் தேடும் ஏஜென்ட் கண்ணில் நீ படவே மாட்டாய்.

நீ அனுப்பிய மாதிரியில், 'ஓர் இளம்பெண் குடும்ப ரகசியத்தைக் கண்டறியும்போது அவள் உலகமே மாறுகிறது' என்று இருக்கிறது. இதை ஆயிரம் நாவலுக்கு ஒட்டலாம். உன் கதையில் இருப்பது எவ்வளவு கூர்மையானது! இப்படிச் சொல்லிப் பார்: 'தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கெழுதும் 19 வயதுப் பெண், செத்துப்போன அண்ணனின் கையெழுத்தில் இன்னும் கூலி வாங்கப்படுவதைக் கண்டுபிடிக்கிறாள். வெளியே சொன்னால் முதலாளி வீட்டுக்கடனை உடனே கேட்பார். சொல்லாவிட்டால் திருட்டுப் பழி அவள் மேல்.' யார், எங்கே, என்ன சிக்கல், எதைச் செய்தாலும் என்ன இழப்பு என்று நாலும் வந்துவிட்டன. முடிவைச் சொல்லவில்லை. பெயரும் இல்லை, இத்தனை சின்ன இடத்தில் பெயரைவிட வயதும் வேலையும் அதிகம் பேசும். கேள்வியில் முடிக்காதே. 'அவள் வெல்வாளா?' என்றால், வெல்வாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

மூன்று பிட்சும் ஒரே வாசகமாக இருக்கக் கூடாது. ஒன்று அவளிலிருந்து தொடங்கட்டும், ஒன்று அந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்து. மூன்றாவதில், அண்மையில் வந்த இரண்டு நாவல்களை ஒப்புக்குக் காட்டலாம். ஐந்து வருடத்துக்குள் வந்தவையாக எடு. உலகமே படித்த புத்தகத்தை எடுத்தால் சந்தை தெரியாதவன் என்று நினைப்பார்கள்.

லைக் என்றால் 'உன் எழுத்தை எனக்கு அனுப்பு' என்று பொருள், அதனால் லைக் போடுவது ஏஜென்ட்டும் பதிப்பகமும் மட்டும் என்பது விதி. நண்பர்கள் பகிரலாம், கருத்து எழுதலாம். உன் சித்தி மகனிடம் முன்கூட்டியே சொல்லிவை. அவன் பாசத்தில் இதயத்தைத் தட்டிவிட்டால் நீ அரைமணி நேரம் ஆகாயத்தில் பறந்துவிட்டு இறங்க வேண்டியிருக்கும். 2024 ஜூன் முதல் எக்ஸில் யார் லைக் போட்டார் என்பதை மற்றவர்கள் பார்க்க முடியாது, பதிவிட்டவருக்குத் தெரியும்.

லைக் வந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பாதே. யாரென்று பார்: விற்ற புத்தகங்கள் எவை, அமெரிக்க ஏஜென்ட் சங்கத்தில் உறுப்பினரா, எழுத்தாளர்களை ஏமாற்றுபவர்களைப் பற்றி எச்சரிக்கும் 'ரைட்டர் பிவேர்' தளத்தில் பெயர் இருக்கிறதா? ஏஜென்ட்டின் வழக்கமான பங்கு உள்நாட்டு விற்பனையில் 15 சதவீதம், வெளிநாட்டு உரிமையில் 20. அதுவும் புத்தகம் விற்ற பிறகு. படிக்கவே கட்டணம் கேட்டால் கும்பிடு போட்டு விலகு. காசு வாங்கி அச்சடிக்கும் பதிப்பகங்களும் லைக் போட்டுத் திரியும். நல்ல சிறு பதிப்பகமாகவே இருந்தாலும் யோசி: நீயே அனுப்பி அவர்கள் மறுத்துவிட்டால், பிறகு உன் ஏஜென்ட் அதே கதவைத் தட்ட முடியாது.

அனுப்ப வேண்டியதை இப்போதே தயாராக வை. நாவலை ஏஜென்ட்டுக்கு அறிமுகப்படுத்தும் க்வெரி கடிதம் 300 சொல்லுக்குள். சினாப்சிஸ், அதாவது கதைச்சுருக்கம், ஒரு பக்கம். அதில் மட்டும் முடிவை ஒளிக்காமல் எழுது. பிரதி 12 புள்ளி டைம்ஸ் நியூ ரோமன், இரட்டை இடைவெளி, சுற்றிலும் ஓர் அங்குலம். எத்தனை பக்கம் என்பதை ஏஜென்ட்டே சொல்லியிருப்பார், பத்து என்றால் பத்துதான். மின்னஞ்சல் தலைப்பில் போட்டியின் பெயரைப் போடு.

பதில் வர மாதங்கள் ஆகலாம். ஒரு லைக்கும் வராவிட்டாலும் க்வெரியை வழக்கமான வழியில் அனுப்பு. அன்றைக்குப் பதிவுகள் கொட்டும் வேகத்தில் உன்னுடையதை அவர்கள் பார்க்காமலே போயிருக்கலாம். உன் பிட்சைக் கடந்துபோன ஏஜென்ட்டுக்கும் தாராளமாக அனுப்பலாம்.

மூன்று பிட்சையும் எழுதி, பக்கத்தில் எழுத்தெண்ணிக்கையைக் குறித்து அனுப்பு. ஹேஷ்டேக்கையும் சேர்த்து எண்ணு.

அன்புடன்,
உன் மாப்ள