நூல் பிடித்து அளந்தால்

போர்ட் பிளேர்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. 2024இல் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். என் கை இன்னும் பழைய பெயரைத்தான் எழுதுகிறது.

அப்பத்தா காரியத்தன்று உன்னைத் திட்டிவிட்டேன். "நாலு மணி நேரத் தூரம்னு சொன்னவ, எல்லாம் முடிஞ்சு மூணாம் நாள் வந்து நிக்கிறியே." அந்த வார்த்தை இன்னும் மனசை அறுக்கிறது.

நேற்று உன் பள்ளிக்கூட அட்லஸை எடுத்து, லடாக்கில் நீ வேலை பார்க்கும் லே ஊரிலிருந்து இங்கே நூல் பிடித்துப் பார்த்தேன். 2,930 கிலோமீட்டர். நீ சொன்ன நாலு மணி நேரக் கணக்கு சரிதான். ஆனால் அந்த நூலின் மேல் பறக்க ஒரு விமானமும் இல்லையே! லேயிலிருந்து டெல்லி 620, டெல்லியிலிருந்து சென்னை 1,760, அங்கிருந்து கடல் தாண்டி 1,370. கூட்டினால் 3,750. ஆகாயத்தில் இருப்பது ஆறரை மணி நேரம்தான், மீதியெல்லாம் காத்துக் கிடப்பது.

நீ "பனி, கேன்சல்" என்றபோது சாக்கு என்று நினைத்தேன். கடைக்கு வரும் விமான நிலையத் தம்பிதான் விளக்கினார். லே ஓடுதளமே 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறதாம். காற்று மெலிசு. வெயில் ஏறினால் இன்னும் மெலிந்துவிடும், விமானம் சுமையோடு எழும்பத் திணறும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்றும் சுழற்றும். அதனால்தான் பெரும்பாலும் காலையிலேயே. காலை தவறினால் பெரும்பாலும் மறுநாள்தான். நீ இரண்டு காலை அங்கே பெட்டியோடு உட்கார்ந்திருந்தது அப்போதுதான் உறைத்தது. இங்கே புழுக்கத்தில் அப்பத்தாவை அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை, தாயி.

இன்னொன்றும் சொன்னார். அங்கே போலவே இங்கேயும் ஒரு பக்கம் மலை. இறங்குவது ஒரு திசை, ஏறுவது வந்த வழியே. இரண்டும் முட்டுச்சந்து ஊர்கள். முட்டுச்சந்தில் பிறந்து முட்டுச்சந்துக்கே வேலைக்குப் போயிருக்கிறாய்!

1994இல் உன் தாத்தா ராமநாதபுரத்தில் இறந்தபோது, நான் நான்கௌரி கப்பலில் மூன்று நாள் கடல் தாண்டிப் போனேன். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. வாசலில் நின்ற என்னை அப்பத்தா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "குளிச்சிட்டு வா, சாப்பிடு" என்றது, அவ்வளவுதான். அது பெற்ற பிள்ளை நான், உன்னிடம் எப்படிப் பேசினேன் பார்.

ஜூனில் நான் வருகிறேன். ஒரே நாளில் கோத்து டிக்கெட் போடவில்லை, டெல்லியில் ஓர் இரவு தங்கிவிட்டுக் காலை விமானம். வந்ததும் இரண்டு நாள் படுத்தே கிடக்கச் சொல்வாய், கிடக்கிறேன். 62 வயதில் மூச்சோடு வீம்பு பிடிக்க மாட்டேன்.

அம்மா ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். வாசனைக்கு உன் வீட்டுக்காரம்மா சண்டைக்கு வருவாரா என்று மட்டும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா