சாகாத சர்வருக்குச் சாவுச் சான்றிதழ்

ரோஸ் ஹில், மொரிஷியஸ்

அன்புள்ள கந்தா,

தைப்பூசம் முடிந்ததும் எழுதுகிறேன் என்றேன், மாசியே பிறந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடி. தாணு அதே காரைத்தான் ஓட்டுகிறான், விற்கப் போவதாக அதே பொய்யைத்தான் சொல்கிறான். உங்கள் டர்பனில் மின்வெட்டு குறைந்துவிட்டதாமே? பதில் போடாததற்கு இனி வேறு சாக்கு தேடிக்கொள்.

இப்போது என் புலம்பலைக் கேள். கொடியேறியதிலிருந்து காவடி விரதம். கெட்ட வார்த்தை வாயில் வரக் கூடாது. அந்த நாட்களாகப் பார்த்துத்தான் எபேன் அலுவலகத்தில் எங்கள் சர்வர் திரும்பத் திரும்ப விழுந்தது. விழுந்தது என்று நான் சொல்லவில்லை, மேலாளர் சொன்னார். ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங் அனுப்பினால் உடனே பதில் வருகிறது. சிபியு கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. லோட் ஆவரேஜ், அதாவது வரிசையில் நிற்கும் புரோகிராம்களின் சராசரிக் கணக்கு, மட்டும் நூறைத் தாண்டி ஏறுகிறது. உள்ளே நுழைந்து, வட்டில் எவ்வளவு இடம் என்று பார்க்க டிஎஃப் என்று தட்டினால் அந்தத் திரையும் உறைந்துவிடும். மறுபடி பூட் செய்தால் எல்லாம் சரி. பிறகென்ன, ‘இயந்திரம் கிழடாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்’ என்று தீர்ப்பு வந்துவிட்டது.

நீ இதற்குள் ‘என்எஃப்எஸ்’ என்று முணுமுணுத்திருப்பாய். வேறோர் இயந்திரத்தின் கோப்புகளை நெட்வொர்க் வழியே திறக்கும் அந்த முறைதான் எங்களிடமும். முணுமுணுத்துக்கொள், இந்த முறை பாதி சரி. செத்தது எதுவும் இல்லை. எல்லாம் காத்துக் கிடந்தன. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்எஃப்எஸ்ஸை உருவாக்கியபோதே, கோப்பு வைத்திருக்கும் இயந்திரம் நின்றுபோனால் கேட்பவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்றுதான் வைத்தார்கள். அப்படிக் காத்திருக்கும் புரோகிராம்கள், பதில் வரும்வரை உறங்கிக் கிடக்கும் ‘டி’ நிலைக்குப் போய்விடும். லினக்ஸ் அவற்றையும் லோட் கணக்கில் சேர்த்துவிடுகிறது. வேலையே நடக்காமல் சுமை மட்டும் ஏறுவது இதனால்தான். லினக்ஸின் மையமான கர்னல் எழுதும் பதிவிலும் கோப்பு இயந்திரத்தைப் பற்றி ‘சர்வர் பதிலளிக்கவில்லை, இன்னும் முயல்கிறேன்’, ‘120 நொடிகளுக்கு மேல் முடங்கியிருக்கிறது’ என்று வரிவரியாகக் கிடந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

ஆனால் பூட் செய்தால் ஏன் குணமாகிறது? அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சர்வரிலிருந்து இரண்டு கேபிள்கள், இரண்டு நெட்வொர்க் ஸ்விட்சுகளுக்கு. ஒன்று வேலை செய்யும், மற்றது மாற்றுக்கு. டிசம்பரில் ஒப்பந்தக்காரர் இரண்டாவது ஸ்விட்சை மாற்றினார். சர்வர், கோப்பு இயந்திரம் என இரு முனையிலும் 9000 பைட் வரை போகும் பெரிய பொட்டலம், அதாவது ஜம்போ ஃபிரேம். புது ஸ்விட்ச் மட்டும் 1500இலேயே நின்றது. முதல் கேபிளின் கிளிப் தளர்ந்து, இணைப்பு ஒரு கணம் அறுந்தால் எல்லாம் இரண்டாவதற்குத் தாவும். முதன்மை எது என்று அமைப்பில் குறிப்பிடாததால் அங்கேயே தங்கிவிடும். சிறியவை கடந்து போகும்: பிங் போகும், சின்ன அடைவின் பட்டியலை எல்எஸ் காட்டும். பெரிய கோப்பைத் திறந்ததும் முடிந்தது கதை. அந்த ஸ்விட்ச் பெரிய ஃபிரேமை எறிந்துவிட்டு யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாது. பூட் செய்தால் மறுபடி முதல் கேபிள், மறுபடி ஆனந்தம்!

பொட்டலத்தை வழியில் உடைக்கக் கூடாது என்ற குறியோடு 8972 பைட் பிங் அனுப்பிப் பார்த்தேன். தலைப்பு 28 சேர்ந்தால் சரியாக 9000. முதல் வழியில் பதில் வந்தது. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. விரதம் மட்டும் இல்லையென்றால் அந்த ஒப்பந்தக்காரர் தன் பாட்டி பெயரையே மறந்திருப்பார்.

இதில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. முந்தைய வாரம் கர்னலைப் புதுப்பித்தவன் குமரன். வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகாத பையன். எல்லோர் விரலும் அவன் பக்கம்தான். எச்சரிக்கைக் கடிதம் தட்டச்சாகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஒவ்வொரு முறை பூட் செய்யும்போதும் தடயம் அழிந்தது, அவன் மேல் சந்தேகம் கூடியது. மத்தியானம் எங்களோடு சாப்பிட வருவதையே நிறுத்திவிட்டான். கடிதத்தைக் கிழித்தார்கள், சரி. அவனிடம் ஒரு வார்த்தை? கிடையாது. மேலாளருக்கு இப்போது புது சர்வர் வாங்க முடியாத வருத்தம் மட்டுமே. எனக்கு இன்னும் ஆறவில்லை, கந்தா.

‘சாஃப்ட் மவுண்ட் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை’ என்று நீ ஆரம்பிப்பாய். வேண்டாம். அது சில முறை கேட்டுப் பார்த்து, பிழை என்று சொல்லிக் கைவிடும். எழுதியது சேர்ந்ததா என்று பார்க்காத புரோகிராம் அரைகுறைக் கோப்பை விட்டுவிட்டு நிம்மதியாக நடையைக் கட்டும். எங்கள் கணக்குப் பிரிவின் புரோகிராம் அந்த ரகம். உறைந்தால் கூச்சலாவது போடுவார்கள். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும் ஹார்ட் மவுண்ட்தான், விவாதம் முடிந்தது. அறிக்கைகளை மட்டும் உள்வட்டில் எழுதிவிட்டுப் பிறகு நகலெடுக்கலாம் என்றிருக்கிறேன். கியூர்பிப்பில் இருந்த காலத்தில் நீ எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று உண்டே, வைத்திருந்தால் அனுப்பு. உன் மாறிப் பெயர்களுக்கெல்லாம் தாணுவின் பெயரை வைத்திருந்தாய். அனுப்பும் முன் மாற்றிவிடு, குமரன் படிப்பான்.

உன்
செல்வம்