ஊசிக்கு முன் ஒரு சொட்டு ரத்தம்

ஆசிரியருக்கு,

தீனி எடுக்காமல் காய்ச்சலில் படுத்த எங்கள் பசுவுக்கு ஊசி போட்ட பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள். கிருமி எதுவும் தெரியவில்லை. முதலிலேயே எடுத்திருக்க வேண்டும்.

இப்படிக் காய்ச்சல் தரும் கிருமிகளில் ஒன்று அனாபிளாஸ்மா. 1910-இல் கால்நடை மருத்துவ விஞ்ஞானி தெய்லர் விவரித்த இது, உண்ணிகள் பரப்பும் பாக்டீரியா. சிவப்பணுவின் ஓரத்தில் ஒரு புள்ளியாக இருக்கும். காது நுனி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, ஜீம்சா சாயமேற்றினால் நுண்ணோக்கியில் பார்க்கலாம். உண்ணிகள் பரப்பும் இன்னொரு கிருமியான பபீசியா தாக்கியது போலச் சிறுநீர் சிவக்காது. இமையின் உட்புறம் வெளுத்து மஞ்சளிக்கும். நோயிலிருந்து தேறிய மாட்டிலும் கிருமி சொற்பமாக ஒளிந்திருக்கும், அதைப் பிடிக்க, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை வேண்டும். மாடு வாங்குவோர் இந்தச் சோதனையை அவசியம் கேளுங்கள்.

ஒன்று மட்டும்: திடீரென்று செத்து, மூக்கில் உறையாத ரத்தம் வழிந்தால் அறுக்காதீர்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

– ஒரு மாடு வளர்ப்பவர்