பூக்கவில்லை என்று இரங்கூன் மல்லியை வெட்டிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுத் தோட்டப் பகுதியைத் தவறாமல் படித்து வருகிறேன். படர்கொடி பூக்காவிட்டால் உரத்தைக் கூட்டி, நீண்டு வளரும் கிளைகளை அடிக்கடி கவாத்து செய்யுமாறு, அதாவது வெட்டி ஒழுங்குபடுத்துமாறு, அண்மையில் அப்பகுதியில் கூறப்பட்டிருந்தது. மற்றக் கொடிகளுக்கு இது எவ்வளவு பொருந்துமோ நான் அறியேன். இரங்கூன் மல்லிக்கு இந்த இரண்டுமே கேடு. பூக்காத இரங்கூன் மல்லிகளில் பெரும்பாலானவை நம் கவனக் குறைவால் அல்ல, மிதமிஞ்சிய கவனிப்பால்தான் பூக்காமல் நிற்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

என் வீட்டுக் கொடி மூன்று ஆண்டுகள் ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. கன்று விற்றவர் மாதந்தோறும் யூரியா வைக்கச் சொன்னார், நானும் வைத்தேன். இலைகள் உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பச்சையாகச் செழித்தன, கிளைகள் நாளுக்கு நாள் நீண்டன. அவை வழியை அடைத்ததால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கத்தரிக்கோலை எடுத்து நுனிகளை ஒரே மட்டமாக வெட்டிவிட்டேன். இக்கொடி அந்தந்தப் பருவத்தில் புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில், நுனியிலும் நுனியை ஒட்டிய இலைக்கணுக்களிலும்தான் பூங்கொத்து விடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மொட்டு கட்டவிருந்த இடத்தை நானே மாறிமாறி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்ததால் செடியும் தன் வலுவையெல்லாம் இலைக்கும் தண்டுக்குமே செலவிட்டது. நான்காம் ஆண்டில் யூரியாவை அறவே நிறுத்திவிட்டு, மட்கிய தொழு உரத்தை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை வைத்து, கத்தரிக்கோலைத் தொடாமல் இருந்தேன். அந்தப் பருவத்திலேயே கொடி பூத்தது. இப்போது பூத்து ஓய்ந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் கவாத்து செய்கிறேன். அப்போது தயங்காமல் ஆழமாகவே வெட்டலாம். தண்டு எளிதில் பட்டுப்போகாது, வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து புதுக்கிளைகள் வந்துவிடும். வெயில் குறைவதும் பூ குறையக் காரணமாகும் என்பதால், நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடமாகப் பார்த்து நடுவது நல்லது.

இளங்கன்றைக் கண்டு ஏமாந்து பிடுங்கி எறிகிறவர்களும் உண்டு. நட்ட புதிதில் இது கொடியாகவே தோன்றாது. மூன்றடி உயரத்தில் பற்றுக்கொம்பு எதையும் நாடாமல் புதர்போல் நிற்கும். பிறகு ஒருநாள் அடியிலிருந்து சாட்டைபோன்ற நீண்ட தண்டுகள் கிளம்பும், அவைதான் படரத் தொடங்கும். ‘குவிஸ்குவாலிஸ்’ என்று இதற்கு வழங்கிவந்த தாவரவியல் பெயருக்கு ‘யார், எத்தகையவர்’ என்று பொருள். புதர் கொடியாக மாறுவதைக் கண்ட வியப்பில் 17ஆம் நூற்றாண்டு இயற்கை ஆய்வாளர் ரம்ஃபியஸ் இட்ட பெயர் என்பார்கள். தாவரங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட அறிஞர் லின்னேயஸ் 1762இல் அதையே பேரினப் பெயராக ஏற்றார். இன்று கோம்பிரீட்டம் பேரினத்தில் இதைச் சேர்த்துவிட்டார்கள். பழைய பெயரே செடிக்கு உரியது என்று எனக்குத் தோன்றுகிறது.

பந்தலைக் கன்று நடுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். இக்கொடிக்குச் சுருள்கம்பிபோன்ற பற்றுறுப்பு கிடையாது. முதிர்ந்த இலை உதிரும்போது காம்பின் அடிப்பகுதி தண்டிலேயே தங்கி, காய்ந்து, கூர்மையான முள்ளாகிவிடும். அந்த முள்ளை மாட்டிக்கொண்டுதான் கொடி மேலே ஏறுகிறது. கையுறை இல்லாமல் உள்ளே கைவிட்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள். எட்டு மீட்டர் வரையிலும், தோதான இடத்தில் அதற்கு மேலும் வளரக்கூடிய கொடி இது. வயது ஏற ஏற அடித்தண்டு மரம்போல் இறுகிக் கனக்கும். மெல்லிய வலையும் மூங்கில் குச்சியும் அந்தப் பாரத்தைத் தாங்கா. இரும்புக் குழாய்ப் பந்தலோ உறுதியான வேலியோ வேண்டும். கூரைத் தகட்டின் இடுக்கிலும் மின்கம்பியின் மேலும் ஏறவிட்டுவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்பவர்கள், பூத்த கொடியின் அருகில் ஒரு மாலை நின்று பார்க்க வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் மொட்டுகள் விரிகின்றன. விரல் நீளத்துக்கு மெல்லிய குழல், அதன் முனையில் ஐந்து இதழ்கள், அப்போது தூய வெள்ளை. இருட்டியதும் நறுமணம் கூடும். அந்தக் குழலின் அடிவரை எட்டும் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகள் வந்து, பூவில் அமராமல் அந்தரத்தில் சிறகடித்தபடியே தேனை உறிஞ்சும். மறுநாள் அதே பூ இளஞ்சிவப்பாகிறது, அதற்கு அடுத்த நாள் செக்கச்சிவந்து தலை கவிழ்கிறது. நாள்தோறும் புதிய மொட்டுகள் விரிவதால் ஒரே கொத்தில் மூன்று நிறங்களையும் எப்போதும் காணலாம். மூன்று வகைச் செடிகளைக் கலந்து நட்டிருக்கிறீர்களா என்று என்னைக் கேட்காத விருந்தினர் குறைவு. நிறம் மாறிய பூக்களைப் பகலில் தேனீக்கள் மொய்க்கும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் தங்கள் பகுதியில் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். தாய்ச்செடியைச் சுற்றி வேரிலிருந்து பக்கக்கன்றுகள் முளைத்துக்கொண்டே இருக்கும்; அவ்வப்போது அகற்றாவிட்டால் தோட்டத்தையே பிடித்துக்கொள்ளும். வேண்டுமானால் அவற்றையே வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடலாம், அல்லது தாழ்ந்த கிளையை மண்ணில் புதைத்து வேர்விடச் செய்து பதியன் போடலாம்; விதைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்து, அரிதாகவே காய்த்தாலும், ஐந்து விளிம்புகள் கொண்ட இதன் காயில் உள்ள விதை குடற்புழுவுக்கு நாட்டு மருந்தாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. அதை நம்பி எவரும் தாமாகவே விதையைத் தின்னக் கூடாது. அளவு மீறினால் விக்கலும் குமட்டலும் வாந்தியும் வரும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் காய் தென்பட்டவுடன் பறித்து அப்புறப்படுத்திவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்