ஞாயிறு வாசிப்பு: அனார்க்கிஸ்ட் கம்யூனிசம்

வணக்கம் மக்களே, வர்ற ஞாயிறு சாயங்காலம் 4 மணிக்கு நாகர்கோவில்ல நம்ம வழக்கமான மொட்டைமாடியில கூடுறோம். அனார்க்கிசம்னா குண்டு போடுறதுன்னுதான் நிறைய பேர் நினைக்காங்க, அரசும் முதலாளியும் இல்லாம ஜனங்க தாங்களே கூடி உழைச்சு அவங்கவங்க தேவைக்கு எடுத்துக்கிறதுதான் இதோட அடிப்படை, அத நிதானமா படிச்சுப் பாப்போம்.

1. ரஷ்ய அனார்க்கிஸ்ட் குரோபோட்கின் எழுதின 'கான்க்வெஸ்ட் ஆஃப் ப்ரெட்' (1892) கண்டிப்பா. முழுசும் முடியலன்னா சாப்பாடு பத்தின அத்தியாயமும் 'ஃப்ரீ அக்ரிமென்ட்' (யாரும் கட்டாயப்படுத்தாம தாங்களே ஒத்துக்கிறது) அத்தியாயமும் போதும். இங்கிலாந்துல லைஃப்போட் (கடல்ல உயிர் காப்பாத்துற படகு) ஆளுக யாரும் உத்தரவு போடாமலே புயல்ல இறங்கி கப்பல்காரங்கள காப்பாத்துறத அதுல சொல்றார், படிச்சப்போ 2017 ஒக்கி புயல் நேரத்துல தூத்தூர் பக்கத்து மீனவ ஆளுக காணாமப் போனவங்கள தேடி சொந்த போட்ட எடுத்துட்டு கடலுக்குப் போனதுதான் கண்ணுக்குள்ள நின்னுது, அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

2. புதுசா வர்றவங்க அனார்க்கிஸ்ட் அலெக்சாண்டர் பெர்க்மனோட 1929 புக் 'ஏபிசி ஆஃப் கம்யூனிஸ்ட் அனார்க்கிசம்'ல ஆரம்பிங்க, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி எளிமையா இருக்கும்.

3. நேரம் இருந்தா குரோபோட்கினோட 'மியூச்சுவல் எய்ட்' (1902), அதாவது ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கிறது பத்தின புக்.

4. 1887ல மெட்ராஸ்ல பொறந்த எம்.பி.டி. ஆச்சார்யா நம்ம ஊரு அனார்க்கிஸ்ட், அவரப் பத்தி 10 நிமிஷம் பேச ஒருத்தர் வேணும்.

வர்றவங்க வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள 'வாரேன்'னு போடுங்க, ஜெராக்ஸ் வேணும்னா அதையும் சேத்து சொல்லுங்க. சாயாவும் ரசவடையும் உண்டு.