நாலாம் நாள் வலி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் பேசும்போது ரூமில் வேறு பெண்கள் இருந்ததால் நீ பாதியை முழுங்கிவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி. மாதவிலக்கின் முதல் இரண்டு நாள் பெரிதாக ஒன்றும் இல்லை, எல்லாம் முடியப்போகிற நாலாம் நாள் ஐந்தாம் நாளில்தான் அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது என்றாய். மூன்று மாதமாக இப்படி என்றும் சொன்னாய். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

வழக்கமான வலி அப்படி வராது. கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்று ஒன்று சுரக்கிறது. கர்ப்பப்பையை இறுக்கிச் சுருக்கி உதிரத்தை வெளியே தள்ளுவது அதுதான். அளவு கூடினால் சுருக்கமும் கூடும், அந்தத் தசைக்கு ரத்த ஓட்டம் குறையும், வலிக்கும். குடலையும் அது சும்மா விடாது. காலேஜில் படிக்கும்போது முதல் நாளே உனக்கு வயிற்றுப்போக்கு வந்து படுத்துவிடுவாயே, அது இதனால்தான். ஆனால் அந்த வலி உதிரத்தோடேயோ சற்று முன்னாலோ தொடங்கி, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

கடைசியில் வரும் வலிக்கு வேறு காரணம் தேட வேண்டும். சில சமயம் சாதாரணமானதுதான்: மிச்ச ரத்தக் கட்டி வெளியேறும்போது வரும் இழுப்பு, மலச்சிக்கல், வாயு. ஒரு மாதம் வந்து போனால் நான் கண்டுகொள்ளவே மாட்டேன். தொடர்ந்து வந்தால், மாதத்துக்கு மாதம் கூடினால், உள்சவ்வைப் போன்றது கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பைத் தசைக்குள்ளேயே அந்தச் சவ்வு வளர்வது, ஃபைப்ராய்டு கட்டி, உள்ளே தொற்று என்று பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

நம் வீட்டிலேயே இருக்கிறது. உன் சித்திக்கு வயசுக்கு வந்ததிலிருந்து வலி, உதிரம் நின்ற பிறகும் போகாது. கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார்கள். அப்புறம் பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார்கள். பிள்ளை தங்கவில்லையே என்று போன இடத்தில்தான் ஸ்கேனில் ஓவரியில் சாக்லேட் சிஸ்ட், அதாவது பழைய ரத்தம் தேங்கிய கட்டி, தெரிந்தது. கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வைப் போன்றது வெளியே ஒட்டி வளர்வதால் வருவது அது. அவளைக் குளிப்பாட்டிவிட்டபோது பார்த்தேன், வெந்நீர்ப் பையை வைத்து வைத்து அடிவயிறு முழுக்க வலை விரித்த மாதிரி கறுத்திருந்தது. அத்தனை வருஷம் அந்த உடம்பு சொன்னதை யாரும் கேட்கவில்லை. பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பொறுத்துக்கொள் என்று உனக்கு யார் சொன்னாலும் காதில் வாங்காதே, பாட்டி சொன்னாலும்தான்.

இப்போதைக்கு வலி குறைய: சூடு நல்லது. ஆனால் பையைத் துண்டில் சுற்றி வை, வைத்துக்கொண்டே தூங்கிவிடாதே. கொஞ்சம் நட. சுக்குக் கஷாயம் போட்டுக் குடி, இஞ்சி வலியைக் கொஞ்சம் குறைக்கும். நீ போடும் மெஃபனமிக் மாத்திரை புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைத் தடுப்பது. அதனால் வலி உச்சிக்கு ஏறும்வரை காத்திருக்காமல், ஆரம்பத்திலேயே சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால்தான் கேட்கும். காபியை மட்டும் குடித்துவிட்டுப் போடாதே. வயிற்றுப்புண், ஆஸ்துமா, கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, இதை உன் ரூம்மேட்டுக்கும் சொல். 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் இந்த மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை விட்டது. அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமை கடுமையாகும். காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்பும் வந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பார்.

வருகிற மாதம் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே ஒரு லேடி டாக்டரிடம் போ. எந்த நாளில் வலி தொடங்கியது, எத்தனை பேட் மாற்றினாய், மலம் கழிக்கும்போதோ சிறுநீர் போகும்போதோ கூடுகிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. சித்தி விஷயத்தையும் சொல். ஸ்கேனுக்கு நீ பயப்படுவது எனக்குத் தெரியும். கல்யாணம் ஆகவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் வயிற்றின் மேலேயே வைத்துப் பார்ப்பார்கள், அதற்குச் சிறுநீர் முட்ட முட்டத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் வலி நிற்கவில்லை என்றால் திரும்பப் போ. எண்டோமெட்ரியோசிஸ் எல்லா நேரமும் ஸ்கேனில் தெரியாது. ஹார்மோன் மாத்திரை எழுதிக்கொடுத்தால் அது கருத்தடை மாத்திரை ஆயிற்றே என்று பதறாதே, இந்த வலிக்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள்.

காய்ச்சலோடு வலி, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், மணிக்கு ஒரு பேட் நனைவது, மயக்கம் இதில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்காதே, நேரே ஆஸ்பத்திரி.

அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். டாக்டர் ஃபீஸுக்கு உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறார். தனியாகப் போகப் பிடிக்கவில்லை என்றால் சொல், வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். சனிக்கிழமை டாக்டர் இருக்கிறாரா என்று மட்டும் விசாரித்து வை.

அன்புடன்,
அம்மா